விசிலுக்கு இடது பக்கம்

கை கழுவப் போனவன் கையைக் கழுவிக்கொண்டு வந்திருக்கலாம். பூபதிக்குக் கண் சும்மா இராது. வாஷ்பேசினுக்குப் பக்கத்து மாடத்தில் மாமனாரின் போன் சார்ஜில் கிடந்தது. இவன் குழாயைத் திறக்கவும் அது பளிச்சென்று விழித்து ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்தது. விசில் 58, உங்கள் மேஜை காத்திருக்கிறது. போக்கர் ஆப் அனுப்புகிற வழக்கமான அழைப்புதான், பூபதியின் போனுக்கும் தினம் நாலு வரும். பெயரைத்தான் தாங்க முடியவில்லை. எட்டு மாதமாகச் சாயங்காலம் தவறாமல் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெயரிடமிருந்து பணம் ஜெயித்துக்கொண்டிருக்கிறான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வேறு யாராவதாக இருக்கும் என்று நினைத்தான், ஆனால் அந்த ஆப்பில் ஒரு பெயரை ஒருவருக்குத்தான் தருவார்கள். யாராவது போனை இரவல் வாங்கியிருக்கலாம் என்று நினைத்தான், ஆனால் அத்தை போய் வருஷம் ஒன்றாகிறது, இந்த வீட்டில் மாமா ஒற்றை ஆள், யார் வந்து இரவல் வாங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். கழுத்தில் விசில் தொங்காத மாமாவைக் கோபிச்செட்டிபாளையத்தில் யாரும் பார்த்ததில்லை என்று மனைவி சிந்துஜா கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் கழற்றி ஆணியில் மாட்டினார். விசில், ஐம்பத்தெட்டு. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் பெயர் வைத்துக்கொள்ள முடியாது. எட்டு மாதம் தினம் பார்த்தும் இவனுக்கு உறைக்கவில்லை. சினிமாக் கொட்டகையில் விசிலடிக்கிற எவனோ ஒருவன் என்றுதான் முதலில் நினைத்தான், அப்புறம் அதைக்கூட நினைக்கவில்லை. "மாப்ள, எலை போட்டாச்சுங்க" என்று கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். உட்காராமல் வேறு என்ன செய்வது.

ஆடி நோம்பி. அத்தை இறந்தபின் இந்த வீட்டில் கொண்டாடுகிற முதல் பண்டிகை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இலை போடாமல் இருக்கக்கூடாது என்று மாமா போனில் ரெண்டு தடவை சொல்லியிருந்தார். அரசாங்கம் இந்த ஆட்டங்களுக்கெல்லாம் பூட்டுப் போடுவதற்கு முந்தின ஆடி அது, யாரும் யாருக்கும் ஒளிந்து ஆட வேண்டியதில்லை, ஆனாலும் பலபேர் ஒளிந்துதான் ஆடினார்கள். சமையல் சிந்துஜா, பரிமாறுவது மாமா. அத்தை இருந்தவரை மாமா பரிமாறிப் பூபதி பார்த்ததில்லை. மனுஷர் ஒப்புட்டை இலையில் வைக்கிற விதமே புதிது, வட்டம் உடைந்துவிடுமோ என்று ரெண்டு கையாலும் ஏந்தி வைத்து, மேலே நெய்யை ஊற்றி, ஊற்றினது போதாதென்று இன்னொரு கரண்டி ஊற்றினார். "கூச்சப்படாம சாப்புடோணும் மாப்ள. உங்க அத்தை இருந்தா அவ தட்டறதே வேற. இதைய அம்மிணி தட்டுனது, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்." உள்ளே அடுப்படியிலிருந்து, "அப்பா, எனக்குக் கேக்குது" என்றாள் சிந்துஜா. மாமா சிரித்தார். பூபதியும் சிரித்தான். ஒப்புட்டைப் பிய்த்து வாயில் போட்டான், இனித்தது, நன்றாகவே இருந்தது, அதுதான் அவமானமாக இருந்தது. தொண்டை அடைத்திருக்க வேண்டாமா? இந்த நெய்யை வாங்கின காசு மாமாவுடையதா, தான் ஜெயித்ததுபோக மிச்சம் விட்டுவைத்ததா? மிச்சம் விட்டுவைத்தது என்ற நினைப்பு வந்ததும் வாயிலிருந்தது எவ்வளவு மென்றும் கரையவில்லை. மீன் என்பார்கள் இவர்கள் பாஷையில். ஆடத் தெரியாமல் ஆட்டத்தின்மேல் ஆசை மட்டும் வைத்துக்கொண்டு வந்து உட்காருகிற ஆளுக்கு மீன் என்று பெயர். மாமாவின் பெயர் மேல் பச்சைப் புள்ளி ஒன்று வைத்திருந்தான் பூபதி. பச்சை என்றால் மீன், அவர் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் இவன் போன் அதிர்ந்து சொல்லும். புள்ளிக்குக் கீழே குறிப்பு எழுதிக்கொள்ள ஓர் இடம் உண்டு, மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறான் என்பது பிழையில்லாமல் நினைவு வந்தது. விடமாட்டார். சந்தேகம் வந்தாலும் பணம் கட்டுவார். இடது பக்கம் உட்கார். கோபப்படுத்தாதே. இடது பக்கத்து நாற்காலி கிடைத்தால் அந்த ஆள் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் நம் முறை வரும், ஆடுகிறவர்களுக்கு இது பாலபாடம். கோபப்படுத்தாதே என்பது அதைவிடப் பாலபாடம். தோற்றவனைக் கிண்டல் செய்தால் எழுந்து போய்விடுவான், போனால் யாரிடம் ஜெயிப்பது? அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் தோற்றவனுக்கு மரியாதையாகச் சாட்டில் நாலு வார்த்தை தட்டிவிடுவார்கள். பூபதியும் தட்டுவான். வெல் ப்ளேய்ட் சார். மாமா அபத்தமாகக் கட்டித் தோற்ற ஒவ்வொரு தடவையும், வெல் ப்ளேய்ட் சார். சார் என்பதை மற்றவர்கள் போட மாட்டார்கள், அது பூபதியின் சொந்தச் சேர்க்கை, அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஏங்க, சாப்பாடு போடச் சொல்லட்டுமா, இன்னும் ஒப்புட்டயே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க" என்று வாசற்படியில் வந்து நின்றாள் சிந்துஜா. நெற்றியில் வேர்வை. அவளுக்கு இவன் ஆடுவது தெரியும். அதை மறைக்கிற ஜாதி இல்லை பூபதி, அவனுடைய பெருமையே அவன் கட்டுப்பாடுதான். ஆட்டத்துக்கென்று தனிக் கணக்கு, தனி முதல், பேங்க்ரோல் என்பார்கள், வீட்டுச் செலவுக்கும் அதற்கும் நடுவில் நெருப்புக்கோடு. அந்த முதலில் முப்பதில் ஒரு பங்குக்குமேல் எந்த மேஜைக்கும் கொண்டுபோக மாட்டான். ஒரே நாளில் மூன்று பங்கு போனால் லேப்டாப்பை மூடிவிடுவான். முதல் சுருங்கினால் கௌரவம் பார்க்காமல் கீழ் மேஜைக்கு இறங்குவான், பெருத்தால்தான் மேலே ஏறுவான். இதையெல்லாம் கல்யாணமான மூன்றாம் மாதமே தாளில் படம்போட்டு அவளுக்கு விளக்கியிருக்கிறான். அவளும் தன் சிநேகிதிகளிடம், எங்க வீட்டுக்காரர் ஆடினாலும் கணக்கா ஆடுவார் என்று சொல்லிக்கொள்வாள். கணக்காகத்தான் ஆடினான். போன வருஷம் மேல் மேஜையில் மாதக்கணக்காக அடி வாங்கினான். தன் சட்டப்படி ஒரு படி இறங்கினான். அங்கேயும் அடி விழ, இன்னொரு படி இறங்கினான். பணம் போனதுகூடப் பெரிதில்லை, கை நடுங்க ஆரம்பித்ததுதான் பெரிது. நல்ல சீட்டு வந்தால் பயம், வராவிட்டால் பயம், எதிராளி கொஞ்சம் யோசித்தாலும் பயம். சின்னப் பிள்ளைகள் ஆடுகிற மேஜையில் போய்ப் பயந்து பயந்து சீட்டைக் கீழே போட்டுக்கொண்டிருந்த அந்த மார்கழியில்தான் விசில் 58 வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு ஜெயித்தான். மறுநாளும் ஜெயித்தான். கை நின்றது. முதுகு நிமிர்ந்தது. ஆபீஸ் மீட்டிங்கில்கூடக் குரல் ஓங்கிவிட்டது, மேனேஜர் கேட்டார், என்ன பூபதி, புது ஆளாகிவிட்டீர்கள் என்று. திரும்பி வந்தது தன் திறமை என்று நினைத்தான். நினைத்தானா? யாரிடமிருந்து எவ்வளவு ஜெயித்தாய் என்று ஆள்வாரியாகக் காட்டுகிற சாப்ட்வேர் ஒன்று அவன் லேப்டாப்பில் இருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் அலசுவான், அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறக்கவே மாட்டான். திறந்தால் என்ன இருக்கும் என்று தெரிந்ததால்தான் திறக்கவில்லை. ஒரு வயதான மனுஷரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டு, நானே நிற்கிறேன் பார் என்று ஊரைக் கூட்டினான் நம் பூபதி. வயதானவர் என்று அப்போது தெரியாதே என்று உடனே உள்ளுக்குள் ஒரு வக்கீல் எழுந்தான். தெரியாதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற, பணத்தை என்ன செய்வதென்று தெரியாத ஒரு தடித்த முதலாளி என்று இவனாக ஓர் உருவம் செய்து வைத்திருந்தான். விசிலுக்கு மோதிரம் எல்லாம் போட்டுவிட்டிருந்தான் மனசுக்குள். மீன் என்று ஆனபின் அது பணக்கார மீனாக இருந்தால் கொல்லுவது சுலபம்.

சாம்பார் வந்தது. மாமா குனிந்து ஊற்றும்போது கழுத்துச் சங்கிலி இல்லாதது தெரிந்தது. முன்பு இருந்ததா? இருந்தது, கல்யாண போட்டோவில் இருக்கிறது. வாசலில் ஸ்கூட்டரும் இல்லை. காலையில் வந்ததும் கேட்டான், முட்டிவலிங்க மாப்ள, ஓட்ட முடியறதில்ல, குடுத்துட்டேன் என்றார். முட்டிவலிக்காரர் இலைக்கும் அடுப்படிக்கும் இத்தனை தடவை நடக்கிறார். சிந்துஜா அதை நம்பிவிட்டாள், தைலம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றாள். பூபதியும் நம்பினான், கை கழுவப் போகிறவரை நம்பினான். சிந்துஜா தயிருக்குத் தாளிக்க உள்ளே போனதும் மாமா சாம்பார்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு இவன் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லோணுமுங்க மாப்ள. உங்க அத்தையோட வளையல் நாலு இருக்குது. கோயமுத்தூர் போறப்ப எடுத்துட்டுப் போயி நல்ல வெலைக்குக் குடுத்துத் தரோணும். இங்க கோபில குடுத்தா ஊரே பேசும்." பூபதியின் கை சோற்றிலேயே நின்றது. "அது சிந்துவுக்குன்னு அத்தை சொன்னதுங்களே மாமா." "அவளுக்குத்தானுங்க, ஆரு இல்லீங்கறது. ரெட்டிப்பாச் செஞ்சு போட்டுருவேன், பொங்கலுக்குள்ள. இப்பச் சித்த முதலு வேணும். எதுக்குன்னு அப்பறம் காட்டறேன், உங்களுக்கே புடிக்கும். சாப்புடுங்க, சாப்புடுங்க." எதற்கென்று பூபதிக்குக் காட்ட வேண்டியதில்லை. போன வெள்ளிக்கிழமை இவன் பேங்க்ரோல் ஒரு படி மேலே ஏறுகிற அளவுக்குப் பெருத்திருந்தது. சட்டம் ஏறலாம் என்றது. பயம் வேண்டாம் என்றது. மேலே போனால் பழைய ஆட்கள் இருப்பார்கள், பழைய நடுக்கம் வரும். தனியே போகப் பயந்து, விசிலையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. உங்கள் ஆட்டத்துக்கு இந்த மேஜை சின்னது சார், மேலே வாங்க என்று தட்டினான். தட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது விசிலிடமிருந்து பதில் வந்திருந்தது. முதல் ரெடி பண்ணிக்கொண்டு வருகிறேன் தம்பி, ரொம்ப நன்றி. தம்பி என்றிருந்ததைப் பார்த்துச் சிரித்தான். அந்த முதல்தான் இது. அத்தை கையிலிருந்த வளையல், தண்ணீர்க் குடத்தில் பட்டுச் சத்தம் போட்ட வளையல், அதைக் கொண்டுபோய் விற்று, அந்தக் காசை மாமாவிடம் கொடுத்து, அதை மாமா மேஜையில் வைக்க, இடது பக்கம் உட்கார்ந்து இவனே எடுத்துக்கொள்ள வேண்டும். தானே விற்று, தானே ஜெயித்து. நினைக்க நினைக்கக் காது மடல் சுட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் சட்டையில்லாமல் பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் மாதிரி உடம்பெல்லாம் கூசியது.

ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தபோது ஒரு வழி தோன்றியது. திருப்பித் தோற்றுவிடலாம். இன்று சாயங்காலமே உட்கார்ந்து, நல்ல சீட்டையெல்லாம் கீழே போட்டு, குப்பைச் சீட்டுக்குக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எட்டு மாதத்தையும் திருப்பிக் கொட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது, மாமாவுக்குக் கௌரவமும் போகாது. அரை நிமிஷம் இந்த யோசனை தேனாக இருந்தது. அப்புறம்தான் ஜெயித்த மாமாவை நினைத்துப் பார்த்தான். எட்டு மாதம் தோற்றும் எழுந்து போகாத மனுஷர், ஒரு வாரம் ஜெயித்தால் என்ன ஆவார்? வளையலோடு நிற்பாரா? வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறது. சரி, வேண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு ஓடிவிடலாம், இனி அந்தப் பக்கமே போகாமல் இருக்கலாம். இவன் போனால் இடது பக்கத்து நாற்காலி காலியாகவா இருக்கும்? பச்சைப் புள்ளி வைக்கத் தெரிந்தவன் இவன் ஒருவன்தானா? அவனாவது சார் போடுவானா? போடமாட்டான், என்று நினைத்தபோது அந்தச் சாரைப் பற்றி மறுபடி கொஞ்சம் பெருமை வந்தது, வந்ததும் தன்னையே அறையலாம் போலிருந்தது. வளையலை வாங்கிக்கொண்டுபோய் விற்காமல் வைத்துக்கொண்டு, தன் கணக்கிலிருந்து காசைக் கொடுத்துவிட்டால்? அது போய் எங்கே விழும், அதே மேஜையில். பணத்தை ரொக்கமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டால்? எப்படிச் சொல்லிக் கொடுப்பது, எதற்கென்று கேட்டால்? இதையெல்லாம்விட மோசம், திருப்பிக் கொடுப்பது என்று நினைத்த மறுவினாடி அவன் மனசு தன்பாட்டுக்கு ஒரு கழித்தல் போட்டுவிட்டது. அவ்வளவும் போனால் பேங்க்ரோல் எந்தப் படிக்கு இறங்கும் என்று பார்த்துவிட்டது. ரெண்டு படி. மறுபடி அந்தச் சின்னப் பிள்ளைகள் மேஜை, மறுபடி அந்த நடுக்கம். யாரும் கேட்கவில்லை, யாரும் ஏவவில்லை, அத்தை வீட்டு ரசம் உள்ளங்கையில் இருக்கும்போதே அது கணக்குப் போட்டது. கட்டுப்பாடு கட்டுப்பாடு என்று இத்தனை நாள் தான் கொண்டாடினது இந்த மிருகத்தைத்தானா? வீட்டுக்காசுக்கும் ஆட்டக்காசுக்கும் நடுவில் நெருப்புக்கோடு போட்டேன் என்று மார்தட்டினானே, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது யார் வீட்டுக்காசு? "இன்னுஞ் சித்த ரசமுங்களா?" என்றார் மாமா. "போதுங்க மாமா" என்றான். குரல் எங்கிருந்தோ வந்தது. மாமா அவன் முகத்தைப் பார்த்தார். "காரம் சேந்துருச்சுங்களா? கண்ணு கலங்குது." ஆமாங்க என்று தலையாட்டினான். அடுப்படியைப் பார்த்து, "அம்மிணி, ரசத்துல மொளகு சேத்தீட்ட, மாப்பிள்ளை கண்ணுல தண்ணி வந்துருச்சு, தயிரைக் கொண்டா" என்றார். சிந்துஜா ஓடிவந்து நாலு கரண்டி தயிரை ஊற்றினாள். ரசத்தில் காரமே இல்லை. அவள்மேல் பழி விழுந்ததுகூட இவனால்தான்.

இலையை மடித்துவிட்டுக் கை கழுவி வந்தபோது மாமா கூடத்து சோபாவில் போனோடு தயாராக உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். சிந்துஜா அடுப்படியில் தன் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. "எதுக்கு முதலுன்னு கேட்டீங்கல்ல, பாருங்க" என்று மாமா போனைத் திறந்தார். பச்சை மேஜை விரிந்தது. விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார், பூபதிக்கு ஒன்றுமே தெரியாதது மாதிரி. "நீங்க இதைய ஆடறீங்கன்னு அம்மிணி ஒருக்காச் சொன்னா. உங்க அத்தை போனதுக்கப்பறம் நீங்க வாறப்பெல்லாம் நாம என்ன பேசறதுன்னே எனக்குத் தெரிய மாட்டீங்குதுங்க. சவுக்கியமுங்களா, மழை உண்டுங்களா, அவ்வளவுதான். இதைய நாமளும் கத்துக்கிட்டா மாப்பிள்ளைகூடப் பேசறதுக்கு ஒரு விசியமாச்சேன்னு நெனச்சேன். கத்துக்கிட்டு நல்லா வந்தப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "மொதல்ல எல்லாருங் கேலி பண்ணுனாங்க. ஒரு பையன் மட்டும் பண்ணமாட்டான். தோத்தாலும் நல்லா ஆடினீங்க சார்னு சொல்லுவான். முப்பது வருசம் பசங்களுக்கு நான் அதைத்தானுங்க சொல்லிக் குடுத்தேன், ஜெயிச்சாலுந் தோத்தாலும் எதிராளி கையைப் புடிச்சுக் குலுக்கோணும்னு. எங்கியோ நல்ல வாத்தியார்கிட்டப் படிச்ச பையன். இப்பப் பாருங்க, வந்துருவான். நான் உக்காந்தா வந்துருவானுங்க." மேஜையில் அமர்க என்ற பொத்தானின் மேல் அவர் விரல் போயிற்று. பூபதியின் சட்டைப் பையில் போன் இருந்தது. அது இன்னும் ரெண்டு மூன்று வினாடியில் அதிரும் என்று அவனுக்குத் தெரியும். போனின் பக்கவாட்டுப் பொத்தானை ஒரு அழுத்து அழுத்தினால் செத்துவிடும், கையும் சும்மாதான் இருந்தது. அழுத்தவில்லை. அதை மட்டும் அவன் பேரில் வரவு வைக்கலாம், அதுவும் தைரியமா, கை கால் ஓடாததா என்று அவனுக்கே தெரியாது. மாமா அழுத்தினார். பை அதிர்ந்தது. "போன் வருதுங்க மாப்ள, பாருங்க, ஆபீசா இருக்கப்போகுது." பூபதி போனை எடுத்தான். பார்க்கவில்லை. அப்படியே மாமாவின் மடியில் வைத்தான்.

விசில் 58 மேஜையில் அமர்ந்தார். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இவன் போனில் வந்திருந்த அந்த வரியைப் படித்தார். கீழே மேஜையில் இவன் வைத்திருக்கிற பெயரும் பச்சைப் புள்ளியும் இருந்தன. தன் போனைப் பார்த்தார், இவன் போனைப் பார்த்தார், மறுபடி தன்னுடையதைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். ஒரு அறை விழுந்தால்கூட நன்றாக இருக்கும் என்று காத்திருந்தான். மாமாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அட, நீங்கதானுங்களா?" என்றார். "நீங்கதானுங்களா மாப்ள அது? அப்ப இத்தன நாளும் நாம ஒட்டுக்காத்தான் உக்காந்திருந்தமா? பொழுதானா நான் பாட்டுக்கு ஒண்டியாக் கெடக்கறேன்னு அம்மிணி அழுவா, நீங்க பக்கத்துலயே இருந்துருக்கீங்க பாருங்க." அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெய் வாசனை இன்னும் போகாத கை. "அம்மிணிகிட்டச் சொன்னா நம்பமாட்டா. இனி என்னங்க, வளையலைக் குடுத்துட்டு ரெண்டு பேருமா மேல போயிரலாம். ஆரு நம்மளை அசைக்கறது?"

பூபதி கையை உருவிக்கொள்ளவில்லை. பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வளையலை விக்க வேண்டாமுங்க மாமா. மேல வந்தீங்கன்னா அதுவும் போயிருமுங்க. நீங்க நல்லா ஆடறதில்லீங்க. நான் சொன்னது நெசமில்லீங்க. நீங்க எந்திரிச்சுப் போயிரக்கூடாதுன்னு சொன்னதுங்க. இந்தப் பச்சைப் புள்ளி, சுலபமாத் தோக்கற ஆளுக்கு வெக்கறதுங்க. உங்க காசு பூராவும் எங்கிட்டத்தான் இருக்குது. குடுத்துடறனுங்க."

 மாமா கையை எடுத்துத் தன் முட்டியில் வைத்துக்கொண்டார். உள்ளே சிந்துஜா ஊறுகாய் ஜாடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. போனில் மேஜை திறந்தே கிடந்தது, விசிலுக்கு ரெண்டு சீட்டு வந்து விழுந்து, யாரும் தொடாமல் நேரம் ஓடி, தானாகவே மடங்கிக்கொண்டது. "காசு கெடக்குதுங்க மாப்ள" என்றார் கடைசியில். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே, இவனைப் பார்க்காமல் கேட்டார். "ஒருதடவை கூடவா நான் நல்லா ஆடல?"

பூபதியின் மனசு எந்த ஆட்டத்தையும் மறப்பதில்லை. எட்டு மாதத்தையும் ஓட்டிப் பார்த்தது. மாசியில் ஒரு சாயங்காலம் அகப்பட்டது. அன்றைக்கு இவன் கையில் யாராலும் வெல்ல முடியாத சீட்டு. விசில் கட்டின விதத்திலேயே அவரிடம் யாரும் லேசில் விடாத ரெண்டு ராஜா என்று தெரியும், மனுஷர் விடமாட்டார் என்றும் தெரியும். ஒரு மணி நேரம் பொறுமையாகப் போட்ட வலை. மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்டுக் காத்திருந்தான். விசில் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு ரெண்டு ராஜாவையும் மல்லாத்திக் காட்டிவிட்டு, அமைதியாகக் கீழே போட்டு விலகிவிட்டார். அந்த மேஜையில் வேறு எவனும் போட்டிருக்க மாட்டான். மேல் மேஜையிலும் பாதிப் பேர் போட்டிருக்க மாட்டார்கள். பூபதியே போட்டிருக்க மாட்டான். அது பெரிய ஆட்டம். அன்றைக்கு மட்டும் எரிச்சலில் அவன் ஒன்றும் தட்டவில்லை.

மாமா கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு, அதைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த ஒன்றைச் சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் எட்டு மாதம் ஆடுவார்.

"இல்லீங்க மாமா" என்றான் பூபதி. "ஒருதடவை கூட இல்லீங்க."